பிரஸ்ஸல்ஸில் நல்ல பீரைத் தேடிப் போவது எப்படி: முதல்முறை வருபவர்களுக்கு

“பிரஸ்ஸல்ஸ் வருகிறோம், எந்த பாருக்குப் போகலாம்?” பாரிஸில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள், ஆம்ஸ்டர்டாமில் ஆன்சைட் வேலையில் இருப்பவர்கள், லண்டனிலிருந்து வார இறுதிக்குக் கிளம்புகிறவர்கள் என்று எல்லா நண்பர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த பீரைக் குடிக்க வருகிறீர்கள்?

கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஊருக்கு ஊர் ஒரு பீர் உண்டு. கொலோனில் 20 சென்டிலிட்டர் பிடிக்கும் ஒல்லி கிளாஸில் வரும் கோல்ஷ், பாம்பெர்கில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, விறகுப் புகையில் உலர்த்திச் செய்யும் ரௌக்பியர், லண்டனில் கைப்பம்பால் இறைத்து ஊற்றும் கேஸ்க் ஏல். அந்தந்த ஊருக்குப் போனால் முதலில் அதைத்தான் குடித்துப் பார்க்க வேண்டும். பிரஸ்ஸல்ஸுக்கு அது லம்பிக். லம்பிக்கை ஒருமுறை சரியான இடத்தில் குடித்துவிட்டால், அப்புறம் எந்த பாரில் உட்கார்ந்தாலும் அங்கே நீட்டும் பட்டியலைப் பார்த்தே அந்த இடத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இது எனக்குத் தெரிய ஓராண்டு ஆனது. வேலைக்காக இங்கே வந்த புதிதில், ஊரின் நடுவில் உள்ள கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்து பாரில், செர்ரி போட்ட லம்பிக்கான கிரீக்கைக் கேட்டு வாங்கினேன். செர்ரி சிரப்பைச் சோடாவில் கரைத்தது போல ஒன்று வந்தது. இவ்வளவு பேர் புகழும் லம்பிக் இதுதானா என்று நினைத்து, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உண்மையான கிரீக்கைக் குடிக்கக் கொடுத்தபோது, போன ஓராண்டை நினைத்து நிஜமாகவே வருத்தமாக இருந்தது. உங்களுக்கு இருப்பதோ இரண்டு நாள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லம்பிக்: ஈஸ்ட் போடாத பீர்

இட்லி மாவுக்கு நாம் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. அரைத்து மூடி வைத்தால் அரிசியிலும் உளுந்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே விடிவதற்குள் அதைப் பொங்க வைத்துவிடுகின்றன. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு இறங்கினால் தானாகவே கள்ளாகிவிடுகிறது. லம்பிக்கும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். உலகத்தில் விற்கும் பீரில் மிகப் பெரும்பகுதி, ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து சேர்த்துச் செய்யப்படுகிறது. லம்பிக்கில் அது கிடையாது.

முளைகட்டிய பார்லி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு. இதை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, பல மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸைச் சேர்க்கிறார்கள், ஆனால் அது சில ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும். புது ஹாப்ஸின் கசப்பும் மணமும் இங்கே தேவையில்லை. பீர் கெடாமல் காக்கும் குணம் மட்டும் போதும். கொதித்ததை மாடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டிக்கு ஏற்றி, இரவு முழுக்கத் திறந்தபடி ஆற விடுகிறார்கள். காற்றிலும் கூரையிலும் மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அப்போதுதான் உள்ளே இறங்குகின்றன. மறுநாள் காலையில் மரப் பீப்பாய்களுக்கு மாற்றினால், அங்கே மூன்று ஆண்டு வரைகூட இருக்கும். இதில் வேலை செய்யும் ஈஸ்ட் வகை ஒன்றுக்கு அறிவியலாளர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: பிரெட்டனோமைசிஸ் புருக்ஸெல்லென்ஸிஸ்.

கோடையில் காய்ச்சுவதில்லை. வெப்பத்தில் கெடுதல் செய்யும் பாக்டீரியா முந்திக்கொள்ளும் என்பதால் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சும் காலம். அக்னி நட்சத்திரத்தில் மாவு சில மணி நேரத்தில் புளித்துப் பொங்கி வழிவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பட்டியலில் மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள். பீப்பாயிலிருந்து அப்படியே ஊற்றினால் லம்பிக். நுரை அநேகமாக இருக்காது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து, அதற்குள்ளேயே மறுபடி புளிக்க விட்டால் கூஸ். இது ஷாம்பெயின் மாதிரி நுரைத்துப் பொங்கும். புளிப்புச் செர்ரியை ஊறப்போட்டால் கிரீக்.

முதல் வாய் திடுக்கிட வைக்கும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பின்னால் கொஞ்சம் மரத்தின் துவர்ப்பு. கிங்ஃபிஷர் போல இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது பீராகவே தோன்றாது. ஆனால் புளிக்குழம்பும் ரசமும் நீராகாரமும் பழகிய நாக்குக்கு மூன்றாவது வாயிலேயே பிடிபடும் என்பதைப் பலரை அழைத்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். இத்தாலிக்கார நண்பர்களைவிடத் தமிழ் நண்பர்கள் இதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய விஷயம். வெள்ளியும் சனியும் இருந்தால் நல்லது. ஞாயிறும் திங்களும் மட்டும் கிடைத்தால் பாதி இடங்கள் மூடியிருக்கும். லம்பிக் காய்ச்சும் கான்டியோன் ஆலைக்குப் புதனும் ஞாயிறும் விடுமுறை என்பது வழக்கம். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், எனவே அதைக் காலை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆலைகளின் பார்களோ பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் திறக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒவ்வோர் இடத்தின் சொந்தத் தளத்திலோ இன்ஸ்டாகிராமிலோ நேரத்தைச் சரிபாருங்கள். கூகுள் மேப்பில் இருக்கும் நேரம் பழையதாக இருக்கலாம்.

கூகுள் மேப் வேறொன்றுக்கு மிகவும் உதவும். நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் புகைப்படங்களுக்குப் போங்கள். கடைசி இரண்டு மாதங்களில் யாராவது பட்டியல் பலகையைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் பெரிதாக்கிப் படித்தால், அந்த பாரில் இப்போது என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். குடித்த பீரைப் பதிவு செய்து மதிப்பெண் போடும் அன்டாப்டு செயலியையும் இதே போலத்தான் நான் பயன்படுத்துகிறேன். அதில் உள்ள மதிப்பெண்களை நம்ப வேண்டாம். அதிக போதை தரும் பீருக்கும் அரிதாகக் கிடைக்கும் பீருக்கும் மக்கள் அள்ளிப் போடுவார்கள். அமைதியான, நல்ல 4.5 சதவீத பீர் பின்னால் கிடக்கும். ஆனால் நேற்றும் முந்தாநாளும் அந்த பாரில் யார் என்ன குடித்தார்கள் என்ற பதிவு பொய் சொல்லாது. ஒரே வாரத்தில் பத்துப் பேர் பத்து வெவ்வேறு சிறு ஆலைகளின் பீரைக் குடித்திருந்தால் அது போக வேண்டிய இடம்.

பிறகு வரைபடத்தில் ஐந்தாறு இடங்களை மட்டும் குறித்து, பக்கத்துப் பக்கத்து இடங்களைச் சேர்த்துவிடுங்கள். பிரஸ்ஸல்ஸில் எனக்கு மூன்று வட்டங்கள் போதும்: மிடி ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தர்லெக்ட் பகுதி, கிராண்ட் பிளாஸ் முதல் ஃபோன்டெனாஸ் சதுக்கம் வரையிலான நடுப்பகுதி, வடமேற்கே கால்வாய்க் கரை. ஒரு வேளைக்கு ஒரு வட்டம். ஒரு மாலையில் மூன்றையும் சுற்ற நினைத்தால் டிராமில்தான் நேரம் போகும்.

முதல் காலை: கான்டியோன்

பாரிஸிலிருந்து வரும் யூரோஸ்டார் ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்களை மிடி நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கான்டியோனுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. நிலையத்தைச் சுற்றி ஜேப்படித் திருடர்கள் உண்டு. பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நிற்காமல், வழியை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு நடங்கள். கெட் தெரு 56-ஆம் எண். வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு மாதிரி இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

1900-இல் தொடங்கிய ஆலை இது. ஒரு காலத்தில் ஊர் முழுக்க லம்பிக் காய்ச்சினார்கள். அந்தப் பழைய ஆலைகளில் நகருக்குள் எஞ்சி நிற்பது இது ஒன்றுதான். 1970-களில் இனிப்புப் பானங்கள் வந்து விற்பனை விழுந்தபோது, அப்போது ஆலையை நடத்திவந்த ழான் பியேர் வான் ரோய், 1978-இல் இதை ஓர் அருங்காட்சியகமாகவும் திறந்துவிட்டார். காய்ச்சுவதை மக்கள் வந்து பார்த்தால்தான் இது பிழைக்கும் என்று அவர் நினைத்தார். அது பலித்தது. இன்று அவருடைய மகன் நடத்துகிறார். உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

சீட்டு வாங்கினால் கையில் ஒரு கையேடு தருவார்கள். அதைப் படித்துக்கொண்டு நீங்களாகவே சுற்றி வரலாம். இதில் அவசரம் காட்டாதீர்கள். மாடியில் அந்தச் செம்புத் தொட்டிக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மேலே கூரை ஓடுகளின் இடுக்கு வழியே காற்று உள்ளே வருவது தெரியும். பீப்பாய் வரிசைகளுக்கு இடையில் ஒட்டடை தொங்கும். வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறார்கள். பழங்களுக்கும் கசியும் பீருக்கும் வரும் பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துக்கொள்வதால் மருந்து அடிக்க வேண்டியதில்லை. மருந்து அடித்தால் பீரைப் புளிக்க வைக்கும் உயிர்களும் சேர்ந்து போய்விடும். அந்த மணம், ஈர மரமும் பழைய ஆப்பிளும் கலந்தது, ஊர் திரும்பிய பிறகும் ஞாபகத்தில் நிற்கும்.

சுற்றி முடித்ததும் ருசி பார்க்க ஊற்றித் தருவார்கள். அதோடு கிளம்பிவிடாமல் நான்கு பேராகச் சேர்ந்து 75 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி அங்கேயே உட்காருங்கள். கூஸ் முதலில், அப்புறம் கிரீக். இந்தக் கிரீக்கில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் செர்ரி இருக்கிறது, ஆனால் இனிப்பு அறவே இல்லை. ராஸ்ப்பெர்ரி போட்டது ஒன்று, ஆப்ரிகாட் போட்டது ஒன்று உண்டு, இருந்தால் வாங்குங்கள். பாட்டிலை ஒரு சின்னப் பிரம்புக் கூடையில் படுக்க வைத்தபடியே கொண்டு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அடியில் தங்கியிருக்கும் ஈஸ்ட் கலங்கக் கூடாது என்பதற்காக.

இங்கேதான் இந்தக் கட்டுரையிலேயே மிக உபயோகமான காரியத்தைச் செய்ய வேண்டும். ஊற்றித் தருபவரிடம், “வேலை முடிந்த பிறகு நீங்கள் எங்கே போய்க் குடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல பார் எது என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பெயர்களைச் சொல்வார். நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டால் யோசித்துச் சொல்வார். எந்த ஊரிலும் இந்தக் கேள்வி எனக்குப் பயன்பட்டிருக்கிறது. காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் கேட்க வேண்டும்; இரவு ஒன்பது மணிக்குக் கேட்டால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் எர்மிடாஜ் என்ற சிறிய ஆலை இருக்கிறது. 2017-இல் இளைஞர்கள் சிலர் தொடங்கியது. ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல் வகைகள் செய்கிறார்கள். நூற்றாண்டு கடந்த ஆலையையும் இதையும் ஒரே நாளில் பார்த்தால், இந்த ஊர் பீரில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது நாக்கிலேயே தெரியும். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

வாசலிலேயே ஒரு பாரை எடைபோடுவது

முதலில் தலையைத் தூக்கி, கடையின் மேல் எரியும் விளக்குப் பலகையைப் பாருங்கள். அதில் கடைப் பெயரைவிடப் பெரிதாக ஜூப்பிலர், ஸ்டெல்லா, மாஸ் என்று இருந்தால், அந்தக் கடை பெரும்பாலும் ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பொருள். பெல்ஜியத்தில் இது சர்வசாதாரணம். உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ்வின் தலைமையிடமே பக்கத்து லூவனில்தான் இருக்கிறது. ஒப்பந்தக் கடை மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல பேச்சும் சிரிப்பும் அங்கே கிடைக்கும். ஆனால் குழாயில் வருவது அந்த நிறுவனத்தின் பீராகத்தான் இருக்கும்.

அடுத்தது பட்டியல். பீரின் பெயர், காய்ச்சிய ஆலை, ஊர், ஆல்கஹால் சதவீதம், கிளாஸின் அளவு, விலை ஆகிய எல்லாம் எழுதியிருந்தால் உள்ளே போகலாம். நிறநிறமான கிளாஸ்களின் படம் போட்ட அட்டை, வாசலில் நின்று கூப்பிடும் ஆள், ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் மேசை மேல் நிற்கும் பீர்க் குழாய், தேங்காய்ச் சுவை வாழைப்பழச் சுவை என்று நீளும் வரிசை இவையெல்லாம் இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

கூஸ், கிரீக் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். லேபிளில் ‘அவுட’ என்ற டச்சுச் சொல் முன்னால் இருக்கிறதா? பழைய முறையில் செய்தது என்று பொருள். ‘அவுட கூஸ்’, ‘அவுட கிரீக்’ என்ற பெயர்களுக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சர்க்கரை சேர்த்ததை அப்படி விற்க முடியாது. பூன், திரீ ஃபோன்டைனன், அவுட் பேர்சல், டில்கான் ஆகியவை தேடிக் குடிக்க வேண்டிய பெயர்கள். கான்டியோன் மட்டும் அந்தச் சொல்லைப் போடாமல் ‘100% லம்பிக்’ என்று எழுதும். இந்த ஒரு சொல் அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தச் சந்து பாரில் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

டிராப்பிஸ்ட் என்ற சொல்லும் அதே போலக் கவனிக்க வேண்டியது. துறவியர் மடத்தின் வளாகத்துக்குள், அவர்களுடைய மேற்பார்வையில் காய்ச்சினால்தான் அந்த முத்திரை கிடைக்கும். பெல்ஜியத்தில் இப்போது ஐந்து: ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மால், வெஸ்ட்ஃப்ளெட்டரன். லேபிளில் மடத்தின் படமும் ‘அபே’ என்ற சொல்லும் மட்டும் இருந்தால், அது மடத்துப் பெயரை உரிமம் வாங்கி எங்கோ ஒரு பெரிய ஆலையில் செய்ததாக இருக்கலாம். குடிக்கக் கூடாது என்றில்லை, எது எது என்று தெரிந்து குடிப்பது நல்லது.

குழாய்களின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அறுபது குழாய் வைத்து ஆள் வராத கடையில் பீப்பாய்கள் வாரக்கணக்கில் கிடந்து பழசாகும். பத்தே குழாய் வைத்து, மாலையில் பீப்பாய் தீர்ந்து பலகையில் அழித்து எழுதும் கடை மேல்.

ஆர்டர் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு

நம்மூரில் 650 மில்லி பாட்டிலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே வரும் 33 சென்டிலிட்டர் கிளாஸ் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதில்தான் ஆபத்து. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம், 33 சென்டிலிட்டரில் 37 மில்லி. இரண்டு குடித்தால் 74. அதாவது, இரண்டு சின்னக் கிளாஸ் நம்மூர்ப் பெரிய பாட்டில் ஒன்றை நன்றாகவே தாண்டிவிடும். இனிப்பும் மென்மையுமாக இறங்குவதால் குடிக்கும்போது தெரியாது, எழுந்து நிற்கும்போது தெரியும்.

அதனால் சதவீதத்தைப் பார்த்து ஏறுவரிசையில் போங்கள். 4 அல்லது 5-இல் தொடங்கி, மாலையின் கடைசிக் கிளாஸாக மட்டும் 9, 10-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிறிய அளவு கேட்டால் தருவார்கள். ஒரு கிளாஸ் வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வதை இங்கே யாரும் கேவலமாக நினைப்பதில்லை. தண்ணீர் இலவசமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் பாட்டில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிவிடுங்கள். பையில் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு இடையிடையே வெளியில் குடிப்பதும் நல்லது.

பேச்சுக்குப் பயப்பட வேண்டாம், ஆங்கிலம் எங்கும் செல்லும். ஆனால் உள்ளே போனதும் முதலில் ‘போன்ஜூர்’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொல்லாமல் நேராக ஆர்டர் கொடுப்பதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. கழிவறைக்குச் சில கடைகளில் 50 சென்ட் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். டிராமிலும் மெட்ரோவிலும் வங்கி அட்டையைத் தட்டினாலே போதும்.

முதல் மாலை: ஊரின் நடுவில்

மாலைக்கு ஓர் இடம்தான் சொல்ல வேண்டும் என்றால் ஃபோன்டெனாஸ் சதுக்கத்தில் உள்ள மோடர் லம்பிக். 2009-இல் திறந்தது. மிடியிலிருந்து தரைக்கடியில் ஓடும் டிராமில் இரண்டாவது நிறுத்தமான அனெசென்ஸில் இறங்கினால் பக்கத்திலேயே. நாற்பதுக்கும் மேற்பட்ட குழாய்கள் இருந்தும் எதுவும் பழசாகக் கிடப்பதில்லை, ஏனென்றால் தினமும் அவ்வளவு ஓடுகிறது. லம்பிக்கைக் கைப்பம்பால் இறைத்து ஊற்றுவதை இங்கே பார்க்கலாம். பரிமாறுபவரிடம் “காலையில் கூஸ் குடித்தேன், பிடித்தது, அடுத்து என்ன?” என்று சொல்லுங்கள். பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொன்னால்தான் அவரால் உதவ முடியும். நேரம் இருந்தால் இதே பெயரில் சென் ஜீல் நகர மன்றத்தின் பக்கத்தில் இருக்கும் மூத்த கடைக்கும் போகலாம். அது சின்னது, பேச்சுக்கு அதுவே எனக்குப் பிடிக்கும்.

பழைய கடைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1928 முதல் இயங்கும் ‘ஆ லா மோர் சுபீத்’ நீண்ட அறையும், ஆளுயரக் கண்ணாடிகளும், தேய்ந்த மர மேசைகளுமாக இருக்கும். பெயருக்குத் திடீர் சாவு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வங்கி ஊழியர்கள் அலுவலகம் திரும்பும் முன் ஆடிய பகடை ஆட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு இருந்த பெயர் அது. ‘ஆ லா பெகாஸ்’ 1877-இலிருந்து இருக்கிறது. ஒரு குறுகலான சந்து வழியே உள்ளே போனால் மண்ஜாடியில் இனிப்பு லம்பிக் ஊற்றித் தருவார்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் பீருக்காகப் போவதைவிட அந்த அறைகளில் உட்காருவதற்காகவே போக வேண்டும்.

டெலிரியம் கஃபேயைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2004-இல் 2,004 வகை பீர் வைத்திருந்து கின்னஸ் சாதனை செய்த இடம். பிற்பகலில் போனால் அந்தப் பெரிய பட்டியலை நிதானமாகப் புரட்டலாம். சனிக்கிழமை இரவு போனால் கவுன்ட்டரை நெருங்குவதற்கே அரை மணி நேரம் ஆகும். 2023-இல் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தில் திறந்த பெல்ஜியன் பீர் வேர்ல்ட் கண்காட்சி மழை நாளுக்குப் பரவாயில்லை. அது, கான்டியோன் இரண்டையும் பார்க்க நேரம் இல்லையென்றால் யோசிக்காமல் கான்டியோனுக்குப் போங்கள்.

சைடிஷ்

வெறும் வயிற்றில் உட்காரக் கூடாது. பார்களில் சீஸைச் சதுரம் சதுரமாக வெட்டி, கடுகு விழுதும் செலரி உப்பும் வைத்துத் தருவார்கள். புளிப்பு கூஸுக்கு அதைவிடப் பொருத்தமான சைடிஷ் இல்லை. ரொட்டியில் வெண்ணிறப் பாலாடைக்கட்டி தடவி முள்ளங்கித் துண்டு வைத்துத் தருவதும் இந்த ஊர்ப் பழக்கம், சைவக்காரர்களுக்கு நிம்மதி. கார்பொனாட் என்று இருந்தால் அது மாட்டிறைச்சியைப் பீரில் வேகவைத்தது. உருளைக்கிழங்கு வறுவலில் கவனம் வேண்டும்: பழைய பாணிக் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

இரண்டாம் நாள்: கால்வாய்க் கரை

நடுப்பகுதியிலிருந்து தான்சேர் தெரு வழியே நடந்தால் பிரஸ்ஸல்ஸ் பீர் புராஜெக்ட்டின் ஆலை வரும். 2013-இல் மக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டித் தொடங்கி, 2015-இல் இந்த ஆலையைத் திறந்தார்கள். விற்காமல் மிஞ்சிய ரொட்டியைப் போட்டுப் பீர் காய்ச்சிப் பார்த்தவர்கள். எதையாவது புதிதாக முயன்றுகொண்டே இருப்பார்கள். சில எனக்குப் பிடிக்கும், சில பிடிக்காது. சிறிய கிளாஸில் மூன்று வகை வாங்குங்கள்.

பிறகு கால்வாயை ஒட்டி அரை மணி நேரம் நிதானமாக நடந்து டூர் எ டாக்ஸி பகுதிக்கு வந்தால் பிரஸரி தெ லா சென். என் மனதுக்கு மிக நெருக்கமான ஆலை இது. இவான் தெ பேட்ஸ், பெர்னார் லெபூக் என்ற இருவர் தொடங்கியது. ஊருக்குள் ஓடிய சென் ஆற்றை 1867 முதல் 1871 வரை வேலை செய்து மூடி, மேலே பெரிய சாலைகளைப் போட்டுவிட்டார்கள். இன்று ஊருக்கு நடுவில் நின்றுகொண்டு ஆறு எங்கே என்று தேடினால் கிடைக்காது. மறைந்த அந்த ஆற்றின் பெயரைத்தான் இந்த ஆலைக்கு வைத்திருக்கிறார்கள். அதன் கரையில் திரிந்த தெருநாய்க்கு ஸின்னக்கே என்று பெயர். பல இனம் கலந்த இந்த ஊர்க்காரர்கள் தங்களையும் அன்போடு அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். இங்கே வரும் ஸின்னபீர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது தாராஸ் புல்பா. வெறும் 4.5 சதவீதம். ஹாப்ஸின் கசப்பு தெளிவாக, உலர்ந்து முடியும். பெல்ஜிய பீர் என்றாலே கனமும் இனிப்பும் என்று சொல்கிறவர்களை நான் இங்கேதான் அழைத்து வருவேன். ஆலையின் கொப்பரைகளைப் பார்த்தபடியே உட்கார்ந்து குடிக்கலாம். பகலில் குழந்தைகளோடு வந்து உட்காரும் குடும்பங்களையும் பார்ப்பீர்கள். குடிக்காத நண்பரையோ மனைவியையோ அழைத்து வரச் சங்கடப்பட வேண்டியதில்லை.

பாட்டில் வாங்கி வருவது

கூஸ் பாட்டிலை ஆலையிலேயே வாங்குங்கள். விலையும் குறைவு, வெயில் படாமலும் இருந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம், வெளிச்சம் பீரைக் கெடுக்கும். கைப்பையில் விமான நிலையம் விடாது, பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்துச் சுருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது பீரையும் சேர்த்து 2 லிட்டர். 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காதீர்கள். பயணத்தில் குலுங்கியிருக்கும், இரண்டு வாரம் படுக்க விடுங்கள். சென்னை வெயிலில் அலமாரி வேண்டாம், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு நல்லது. திறக்கும் நாளில் அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள், ரொம்பக் குளிர்ந்திருந்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும். மூடியைக் கழற்றினால் சிலவற்றில் உள்ளே தக்கையும் இருக்கும், திறப்பானைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைச் சாய்த்தபடியே, நிமிர்த்தாமல், எல்லாக் கிளாஸுக்கும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு, அடியில் கலங்கலாக நிற்கும் கடைசி இரண்டு விரல் அளவைத் தனிக் கிளாஸில் ஊற்றுங்கள். கலங்கலின் ருசி பிடித்தவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார்.